விபிஎன் சர்வீஸை பூட்டில் கிளப்ப எது நல்லது: ஆர்சி.லோக்கலா, இனிட் ஸ்கிரிப்டா, சிஸ்டம்டியா?

மின்சாரம் போய்த் திரும்புகிறது. லினக்ஸ் பெட்டி அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ஃபைபர் மோடம் இணையத்தைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் விபிஎன் கிளையன்ட் தன் சர்வரின் பெயரை டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) கேட்கிறது, பதில் வரவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது நீங்கள் அதை எந்த வழியில் கிளப்பினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு வழியில் கிளையன்ட் செத்துப்போய்க் கேட்பாரற்றுக் கிடக்கும். இன்னொரு வழியில் விடாமல் முயன்று, இணையம் வந்ததும் தானாக ஏறிவிடும். மூன்றாவது வழியில் சர்வீஸ் "ஓடுகிறது" என்று பச்சையில் காட்டும், டனல் (சர்வரோடு இணைக்கும் விபிஎன் பாதை) மட்டும் இருக்காது.

பூட்டில் கிளம்புமா என்றால், எல்லா வழியிலும் கிளம்பும். கேட்க வேண்டியவை வேறு மூன்று. நெட்வொர்க் தயாராகும்வரை காத்திருக்கிறதா? புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) செத்தால் பார்த்து எழுப்ப ஆள் உண்டா? "ஓடுகிறது" என்ற பதில் எதை வைத்துச் சொல்லப்படுகிறது? இரண்டாவது கேள்விதான் எங்களுக்கு முதன்மையானது. கீழே சொல்லும் தீர்ப்புகள் பெரும்பாலும் அதன்மேல்தான் நிற்கின்றன.

எடுத்துக்காட்டுக்கு "ஆபீஸ்" என்ற பெயரில் ஒரு கிளையன்ட் இணைப்பை வைத்துக்கொள்வோம். கிளை அலுவலகத்திலோ வீட்டிலோ ஆளில்லாமல் ஓடும் ஒரு லினக்ஸ் பெட்டி, தலைமை சர்வரோடு எப்போதும் இணைந்திருக்க வேண்டும். லேப்டாப் என்றால் கதை வேறு. அங்கே நெட்வொர்க்மேனேஜரிடமே விட்டுவிடுங்கள். வைஃபை மாறுவதும் மூடித் திறப்பதும் அதற்குத்தான் தெரியும்.

ஆர்சி.லோக்கல், கிரான்

இந்த இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். பூட்டின் முடிவில் ஓடும் ஆர்சி.லோக்கல் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்ப்பது மிகப் பழைய பழக்கம். இப்போதைய டெபியன், உபுண்டுவில் அந்தக் கோப்பு நிறுவலோடு வருவதில்லை. நாமே உருவாக்கி இயக்கும் அனுமதி கொடுத்தால்தான் சிஸ்டம்டி (பூட்டையும் சர்வீஸ்களையும் நடத்தும் இன்றைய நிரல்) அதைத் தொடும்; அனுமதி கொடுக்க மறந்தால் சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விடும். முதல் வரியில் ஷெல்லுக்கு "-இ" விருப்பம் கொடுத்திருந்தால், இடையில் ஏதோ ஒரு வரி தோற்றதும் அதற்குக் கீழே உள்ள எதுவும் ஓடாது. விபிஎன் வரி கடைசியில் இருப்பதால் முதலில் அடிபடுவது அதுதான். விபிஎன்னை முன்னணியில் ஓடவிட்டால் ஸ்கிரிப்ட் முடியாமல் தொங்கும். பின்னணிக்குத் தள்ளினால் அதற்குப் பிறகு யாருடைய கண்ணிலும் படாது.

குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானின் "@ரீபூட்" வரி இன்னும் மோசம். கிரான் கொடுக்கும் பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) மிகக் குறுகியது, அதில் "எஸ்பின்" அடைவு வழக்கமாக இருக்காது. கையால் ஓட்டினால் வேலை செய்யும் கட்டளை, பூட்டில் "கிடைக்கவில்லை" என்று விழும். முழுப் பாதை கொடுத்து அதைச் சரிசெய்யலாம்; காவல் இல்லாத குறையைச் சரிசெய்ய வழியில்லை. நிரந்தர இணைப்புக்கு இரண்டுமே வேண்டாம்.

பழைய இனிட் ஸ்கிரிப்ட்

சிஸ்டம் ஃபைவ் வகை இனிட் ஸ்கிரிப்டை (சர்வீஸைக் கிளப்பவும் நிறுத்தவும் எழுதும் ஷெல் ஸ்கிரிப்ட்) இன்றும் தேடி வருகிறவர்கள் உண்டு. காரணங்கள் நியாயமானவை. டெவுவான் போன்ற சிஸ்டம்டி இல்லாத டெபியன் வழியினம், மாற்ற முடியாத பழைய சர்வர், பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் சொந்த ஸ்கிரிப்ட். எழுதுவது கடினமில்லை. ஒழுங்காக எழுதுவதுதான் கடினம்.

மேலே எல்எஸ்பி தலைப்பு (எதற்குப் பின், எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லும் குறிப்பு வரிகள்) வேண்டும். அதில் "ரிக்வயர்ட்-ஸ்டார்ட்" வரியில் நெட்வொர்க், ரிமோட் கோப்பு அமைப்பு, சிஸ்லாக் மூன்றையும் குறிப்பிடுங்கள். "டிஃபால்ட்-ஸ்டார்ட்" 2 3 4 5, "டிஃபால்ட்-ஸ்டாப்" 0 1 6. தலைப்பு இல்லாவிட்டாலும் ஸ்கிரிப்ட் கையால் ஓடும். ஆனால் பூட் வரிசையில் நெட்வொர்க்குக்கு முன்னே போய் உட்கார வாய்ப்புண்டு. பிறகு "அப்டேட்-ஆர்சி.டி" கட்டளையால் ரன்லெவல்களில் (மேலே எண்களால் குறித்த இயக்க நிலைகள்) சேர்க்க வேண்டும்.

உண்மையான சிக்கல் பிஐடி கோப்பில் (புராசஸின் எண்ணை வைத்திருக்கும் கோப்பு) இருக்கிறது. விபிஎன் நிரலான ஓபன்விபிஎன், பின்னணியில் ஓடச் சொல்லும் "டீமன்" விருப்பத்தோடு கிளம்பி, "ரைட்பிட்" விருப்பத்தால் தன் எண்ணை ஒரு கோப்பில் எழுதும். ஸ்கிரிப்ட் அந்த எண்ணை நம்பித்தான் நிறுத்துகிறது, நிலை சொல்கிறது. புராசஸ் திடீரென்று செத்தால் கோப்பு அப்படியே கிடக்கும். பெட்டி நாள்கணக்கில் ஓடினால் அதே எண் வேறொரு புராசஸுக்குப் போகலாம். அப்போது "ஸ்டாப்" கொடுத்தால் சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கொன்றுவிடும். இதைத் தவிர்க்க "ஸ்டார்ட்-ஸ்டாப்-டீமன்" கட்டளைக்கு பிஐடி கோப்போடு கூட, "எக்ஸெக்" விருப்பத்தில் ஓபன்விபிஎன்னின் முழுப் பாதையையும் கொடுங்கள். எண்ணும் நிரலும் இரண்டும் பொருந்தினால்தான் கை வைக்கும். இன்னொன்று: "ரன்" அடைவு இப்போது நினைவகத்தில் இருக்கிறது, ரீபூட்டில் வெறுமையாகிவிடும். அதற்குள் தனி உள்ளடைவு வேண்டுமென்றால் ஸ்கிரிப்டே ஒவ்வொரு முறையும் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

"ரீஸ்டார்ட்" பகுதியில் பலரும் நிறுத்து, கிளப்பு என்று இரண்டு வரியை அடுத்தடுத்து எழுதிவிடுகிறார்கள். "எக்ஸ்ப்ளிசிட்-எக்ஸிட்-நோட்டிஃபை" போட்ட யூடிபி கிளையன்ட் சர்வரிடம் விடைபெற ஓரிரு விநாடி எடுக்கும். அதுவரை டனலுக்கான டன்0 இன்டர்ஃபேஸ் அதன் பிடியில் இருக்கும். புதிய புராசஸ் அதே பெயரைக் கேட்டு, "டன்செட்இஃப்" என்ற சொல்லோடு "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி", பிழை எண் 16 என்று லாகில் எழுதிவிட்டு விழும். கையால் தட்டும்போது வராது, ஸ்கிரிப்டில் மட்டும் வரும். அதனால் பலர் டன் டிரைவரைச் சந்தேகித்து அலைகிறார்கள். நிறுத்தும் வரியில் "ரீட்ரை" விருப்பத்தை "டெர்ம்/10/கில்/5" என்று கொடுத்தால் போதும். முதலில் மரியாதையாகச் சொல்லி 10 விநாடி காத்திருக்கும், மசியாவிட்டால் கொல்லும், பிறகுதான் அடுத்த வரிக்குப் போகும்.

இத்தனையும் செய்தபின்னும் மூன்று கேள்வியில் இரண்டாவதற்கு விடை இல்லை. இரவு 2 மணிக்கு ஓபன்விபிஎன் செத்தால் இனிட் ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. அது கிளப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

சிஸ்டம்டி உள்ள பெட்டியில் பழைய ஸ்கிரிப்டை வைத்தால் என்ன ஆகும்? சிஸ்டம்டி அதற்குத் தானாக ஒரு யூனிட் (சர்வீஸை எப்படி நடத்துவது என்று சொல்லும் கோப்பு) தயாரித்துக்கொள்ளும். அந்த யூனிட்டில் மறுபடி எழுப்பும் ஏற்பாடு கிடையாது. தலைப்பில் பிஐடி கோப்பைக் குறிப்பிடாவிட்டால், உள்ளே இருந்த புராசஸ் செத்த பிறகும் "ஆக்டிவ் (எக்ஸிட்டட்)" என்றே காட்டிக்கொண்டிருக்கும். இந்த வசதியே கைவிடப்படப் போகிறது என்று 2023இல் வந்த 254ஆம் பதிப்பில் அறிவித்துவிட்டார்கள். ஆகவே சிஸ்டம்டி பெட்டியில் புதிதாக இனிட் ஸ்கிரிப்ட் எழுத உட்காராதீர்கள்.

சிஸ்டம்டி: தயாராக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்

டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் 2015இல் சிஸ்டம்டிக்கு மாறின. ரெட் ஹேட் 7 அதற்கு முந்தைய ஆண்டே. ஓபன்விபிஎன் 2.4 முதல் மூலத்திலிருந்தே இரண்டு வார்ப்பு யூனிட்கள் வருகின்றன: ஒன்று கிளையன்டுக்கு, ஒன்று சர்வருக்கு. "ஓபன்விபிஎன்-கிளையன்ட்@ஆபீஸ்" என்று கிளப்பினால், ஓபன்விபிஎன் அடைவுக்குள் "கிளையன்ட்" உள்ளடைவில் "ஆபீஸ்.கான்ஃப்" கோப்பைப் படிக்கும். பத்து இணைப்பு வேண்டுமா, பத்து கோப்பு, யூனிட் ஒன்றுதான்.

குழப்பம் எங்கே என்றால், டெபியன் தன் பழைய யூனிட்டையும் கூடவே வைத்திருக்கிறது. "ஓபன்விபிஎன்@ஆபீஸ்" என்பது உள்ளடைவைப் பார்க்காது, நேரே ஓபன்விபிஎன் அடைவில் தேடும். "@" இல்லாத "ஓபன்விபிஎன்" யூனிட்டோ ஒன்றுமே செய்யாத வெற்று நிரலை ஓட்டிவிட்டு "ஆக்டிவ் (எக்ஸிட்டட்)" என்று காட்டும். அதைப் பார்த்து விபிஎன் ஓடுகிறது என்று நம்பி நேரத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். அந்தப் பழைய வழியில் எந்த இணைப்புகள் தானாகக் கிளம்ப வேண்டும் என்பதை "டிஃபால்ட்" அடைவில் உள்ள ஓபன்விபிஎன் கோப்பின் "ஆட்டோஸ்டார்ட்" வரி சொல்லும். அதை மாற்றியபின் "டீமன்-ரீலோட்" கொடுக்காவிட்டால் மாற்றம் தெரியாது, ஏனென்றால் யூனிட்டை உருவாக்கும் ஜெனரேட்டர் அப்போதுதான் ஓடும். புதிதாகத் தொடங்குபவர்கள் கிளையன்ட் யூனிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பழையதை மறந்துவிடலாம். சேவை வழங்குபவர் கொடுத்த கோப்பு ".ஓவிபிஎன்" என்று முடிந்தால் ".கான்ஃப்" என்று பெயர் மாற்றுங்கள், இல்லாவிட்டால் யூனிட் அதைக் கண்டுகொள்ளாது.

கையால் ஓட்டினால் சரியாக இணையும் கோப்பு, யூனிட் வழியாக மட்டும் விழுவது ஏன் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் காரணம் யூனிட்டின் பாதுகாப்பு வேலிதான். "புரொடெக்ட்ஹோம்" இருப்பதால் வீட்டு அடைவு அதற்குத் தெரியாது. சாவியும் சான்றிதழும் அங்கே இருந்தால் "கோப்பு இல்லை" என்று சொல்லும், கோப்போ கண்ணெதிரே இருக்கும். அவற்றைக் கிளையன்ட் அடைவுக்கு நகர்த்தி, ரூட் பயனர் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி கொடுங்கள். "பிரைவேட்டெம்ப்" இருப்பதால் டெம்ப் அடைவும் தனி. "லிமிட்என்புராக்" 10 என்று இருக்கும் பதிப்புகளில், டனல் ஏறும்போது துணை ஸ்கிரிப்ட்களை ஓட்டும் அமைப்புகள் சில சமயம் புதிய புராசஸ் உருவாக்க முடியாமல் திணறும்.

அடுத்தது "டீமன்" வரி. பழைய கோப்பில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள். யூனிட்டின் வகை "நோட்டிஃபை". புராசஸ் முன்னணியில் நின்று, தயாரானதும் சிஸ்டம்டிக்குச் சொல்ல வேண்டும். தானாகப் பின்னணிக்குப் போனால் கண்காணிப்பு குழம்பும். "லாக்", "லாக்-அப்பெண்ட்" வரிகளையும் நீக்கினால் எல்லாம் ஜர்னலுக்கு (சிஸ்டம்டியின் லாக்) வரும், ஒரே இடத்தில் பார்க்கலாம். சாவிக்குக் கடவுச்சொல் இருந்தால் "ஆஸ்க்பாஸ்" வரியில் ஒரு கோப்பைக் காட்டுங்கள். இல்லையென்றால் பூட்டில் யாராவது தட்டச்சு செய்வார்கள் என்று காத்திருந்து, வழக்கமான 90 விநாடியில் யூனிட் தோற்கும்.

இப்போது காவல். சர்வர் யூனிட்டில் "ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்", 5 விநாடி இடைவெளி என்று இருக்கிறது. கிளையன்ட் யூனிட்டில் பல பதிப்புகளில் அந்த வரியே இல்லை. "சிஸ்டம்சிடிஎல் கேட்" கொடுத்து உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் "சிஸ்டம்சிடிஎல் எடிட்" மூலம் மேலொட்டுக் கோப்பு ஒன்று சேர்ப்பதுதான் முறை. மூல யூனிட்டைத் திருத்தினால் அடுத்த அப்டேட் அதை அழித்துவிடும். மேலொட்டில் இவ்வளவு போதும்:

யூனிட் பிரிவில்: ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்=0
சர்வீஸ் பிரிவில்: ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்
அதன் கீழ்: ரீஸ்டார்ட்செக்=30

மூன்று வரிக்கும் காரணம் உண்டு. "ஆன்-ஃபெயிலியர்" போதாது, ஏனென்றால் "பிங்-எக்ஸிட்" காலம் முடிந்தாலோ, சர்வர் கடவுச்சொல்லை ஏற்காவிட்டாலோ ஓபன்விபிஎன் ஒழுங்காக விடைபெற்று 0 என்ற குறியோடு வெளியேறும். சிஸ்டம்டி அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். 30 விநாடி இடைவெளி ஏன் என்றால், தவறான கடவுச்சொல்லோடு ஓயாமல் தட்டினால் பல சர்வர்கள் கணக்கையே பூட்டிவிடும். கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றும் இடமென்றால் 300 கூட வைக்கலாம். முதல் வரிதான் பலரும் விட்டுவிடுவது. சிஸ்டம்டியின் வழக்கமான இடைவெளி 100 மில்லிவிநாடி, வழக்கமான வரம்பு 10 விநாடிக்கு 5 முறை. ஆகவே "ஆல்வேஸ்" மட்டும் எழுதிவிட்டுப் போனால், ஒரு விநாடிக்குள் ஐந்து முறை விழுந்து எழுந்து, "ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ க்விக்லி" என்று எழுதிவிட்டு நிரந்தரமாகக் கைகழுவிவிடும். மோடம் எழும் முன்னே ஆட்டம் முடிந்துவிடும்.

மறு இணைப்பு வேலையை இரண்டு எசமானர்களிடம் கொடுக்காதீர்கள். இணையம் துண்டிக்கப்படுவதை ஓபன்விபிஎன்னே கவனிக்கட்டும்: "கீப்அலைவ் 10 60" போட்டால் 10 விநாடிக்கு ஒரு பிங், 60 விநாடி பதில் இல்லையென்றால் உள்ளேயே மறு இணைப்பு. புராசஸ் செத்தால் மட்டும் சிஸ்டம்டி தலையிடட்டும். டிஎன்எஸ் கிடைக்காதபோது ஓபன்விபிஎன் வழக்கமாக விடாமல் முயலும். பழைய கோப்பில் "ரிசால்வ்-ரீட்ரை" வரிக்கு எண் கொடுத்திருந்தால் "இன்ஃபினிட்" என்று மாற்றுங்கள். ஐந்து தோல்விக்குப் பிறகு காத்திருப்பு நேரம் இரட்டிப்பாகிக்கொண்டே போய் 300 விநாடி வரை எட்டும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு இணையம் வந்தும் ஐந்து நிமிடம் டனல் வராமல் இருப்பதற்கு இதுதான் காரணம். "கனெக்ட்-ரீட்ரை 5 60" என்று எழுதினால் ஒரு நிமிடத்துக்கு மேல் போகாது.

"ஆக்டிவ் (ரன்னிங்)" என்று வந்தால் டனல் ஏறிவிட்டது என்று அர்த்தமா? இல்லை. கிளையன்ட் சர்வரைத் தொடும் முன்னரே தயார் என்று சொல்லிவிடும். நிலை வரியில் "ப்ரீ-கனெக்ஷன் இனிஷியலைசேஷன் சக்ஸஸ்ஃபுல்" என்று மட்டும் இருந்தால் அது இன்னும் வாசலில் நிற்கிறது. ஜர்னலில் "இனிஷியலைசேஷன் சீக்வென்ஸ் கம்ப்ளீட்டட்" வந்தால்தான் உள்ளே போய்விட்டது. டனல் வேண்டும் என்று நம்பியிருக்கும் பேக்கப், டேட்டாபேஸ் நகல் போன்ற சர்வீஸ்களை வெறுமனே "ஆஃப்டர்" வரியால் இதற்குப் பின்னால் கோத்தால் போதாது. மறுமுனையின் டனல் முகவரிக்கு பிங் போகிறதா என்று அவை தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெட்வொர்க் காத்திருப்பு பற்றி ஒரு வார்த்தை. "நெட்வொர்க்.டார்கெட்" என்பது நெட்வொர்க் மென்பொருள் கிளம்பிவிட்டது என்று மட்டுமே சொல்லும். முகவரி கிடைத்ததா என்பதற்கு "நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்" வேண்டும், சொந்த யூனிட் எழுதினால் "ஆஃப்டர்", "வான்ட்ஸ்" இரண்டிலும் அதைப் போடுங்கள், ஒன்று மட்டும் போட்டால் பயனில்லை. அதுவும்கூட மோடம் வரைதான் உறுதி தரும். மோடத்துக்கு அப்பால் இணையம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் காத்திருப்பைவிட மறுமுயற்சியை நம்பச் சொல்கிறோம்.

ஓபன்ஆர்சி, ரன்இட், ப்ராக்டி

ஆல்பைன், ஜென்டூ லினக்ஸில் சிஸ்டம்டியின் இடத்தில் ஓபன்ஆர்சி. அங்கே இனிட் ஸ்கிரிப்டுக்கு "ஓபன்விபிஎன்.ஆபீஸ்" என்று ஒரு சிம்லிங்க் போட்டால் "ஆபீஸ்.கான்ஃப்" கோப்பைப் படிக்கும், "ஆர்சி-அப்டேட் ஆட்" கொடுத்து டிஃபால்ட் ரன்லெவலில் சேர்த்துவிடலாம். ஆல்பைனில் டன் மாட்யூலை "மாட்யூல்ஸ்" கோப்பில் சேர்க்க மறந்தால் முதல் பூட்டிலேயே விழும். வழக்கமான ஸ்கிரிப்டில் காவல் கிடையாது. சொந்தமாக எழுதுபவர்கள் "சூப்பர்வைசர்=சூப்பர்வைஸ்-டீமன்" என்று போட்டு, ஓபன்விபிஎன்னை முன்னணியில் ஓடவிட்டு, "ரீஸ்பான்_டிலே" 30, "ரீஸ்பான்_மேக்ஸ்" 0 என்று வையுங்கள். 0 என்றால் வரம்பில்லை. விட்டுவிட்டால் 10 முறையோடு நின்றுவிடும்.

வாய்ட் லினக்ஸின் ரன்இட் எங்களுக்கு மிகவும் பிடித்த எளிமை. நான்கு வரி "ரன்" கோப்பு: ஷெல் வரி, பிழை வெளியீட்டை லாகுக்குத் திருப்பும் வரி, கிளையன்ட் அடைவுக்குப் போகும் வரி, "எக்ஸெக்" போட்டு ஓபன்விபிஎன். அந்த "எக்ஸெக்" இல்லாவிட்டால் ரன்இட் காவல் காப்பது ஷெல்லை. நிறுத்தச் சொன்னால் ஷெல் சாகும், விபிஎன் அனாதையாக ஓடிக்கொண்டிருக்கும். செத்தால் ஒரு விநாடியில் எழுப்பும், வரம்பே கிடையாது. கணக்குப் பூட்டப்படும் ஆபத்து இருப்பதால் "ஃபினிஷ்" கோப்பில் 30 விநாடி உறங்கும் வரி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

ஓபன்டபிள்யூஆர்டி (லினக்ஸ் சார்ந்த ரௌட்டர் மென்பொருள்) ஓடும் ரௌட்டர் கையில் இருந்தால், பெட்டிக்குப் பதில் ரௌட்டரிலேயே டனலை வைப்பதையும் யோசியுங்கள். அதன் இனிட் நிரலான ப்ராக்டி காவல் காக்கும், மோடத்துக்கு முன்னால் எழும் பிரச்சினையும் ஒரே இடத்தில் அடங்கும்.

வயர்கார்டில் காவலுக்கு ஆள் இல்லை, புராசஸும் இல்லை

ஓபன்விபிஎன்னுக்கு மாற்றான வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸின் 5.6 கர்னலோடு உள்ளே வந்துவிட்டது. இங்கே பின்னணியில் ஓடும் புராசஸ் கிடையாது. "டபிள்யூஜி-குவிக்@டபிள்யூஜி0" யூனிட் ஒருமுறை ஓடி, இன்டர்ஃபேஸை உருவாக்கி, ரூட் (போக்குவரத்து எந்த வழியே போக வேண்டும் என்ற குறிப்பு) போட்டுவிட்டு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அது எப்போதும் "ஆக்டிவ் (எக்ஸிட்டட்)"தான், மறுமுனை எரிந்து போயிருந்தாலும். சாகப் புராசஸே இல்லாததால் ரீஸ்டார்ட் வரி தானாக டனலைக் காக்காது.

மோடம் எழாத இடைவெளியில் இது எப்படி நடந்துகொள்கிறது என்பது நுணுக்கமானது. யூனிட்டில் பெயர்த் தேடலை முடிவில்லாமல் முயலச் சொல்லும் வரி இருக்கிறது. டிஎன்எஸ் "தற்காலிகத் தோல்வி" என்று சொன்னால் "ட்ரையிங் அகெய்ன்" என்று எழுதிக்கொண்டே காத்திருக்கும். ஆனால் மோடத்தின் டிஎன்எஸ் எழுந்து, இணையம் எழாத நேரத்தில் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று பதில் சொல்லிவிட்டால், அதை நிரந்தரப் பதிலாக எடுத்துக்கொண்டு யூனிட் உடனே தோற்கும். சில மோடம்கள் அப்படித்தான் பதில் சொல்கின்றன. ஒரே பெட்டி ஒரு வீட்டில் ஏறுகிறது, இன்னொரு வீட்டில் விழுகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். தலைமை சர்வருக்கு நிலையான ஐபி இருந்தால் "எண்ட்பாயிண்ட்" வரியில் பெயருக்குப் பதில் அந்த எண்ணையே எழுதிவிடுவது நல்ல மருந்து.

ஐபி மாறும் சர்வர் என்றால் இன்னொரு வேலை உண்டு. வயர்கார்டு பெயரை ஏறும்போது ஒருமுறைதான் தேடும். மறுமுனை ஐபி மாறினால் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். வயர்கார்டு-டூல்ஸ் தொகுப்பின் "கான்ட்ரிப்" பகுதியில் "ரீரிசால்வ்-டிஎன்எஸ்" என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது; கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனையும் சாவி பேசிக்கொள்வது) 135 விநாடிக்கு மேல் பழையதானால் பெயரைப் புதிதாகத் தேடிப் போடும். அதை 30 விநாடிக்கு ஒருமுறை ஓட்டும் ஒரு சிஸ்டம்டி டைமர் வையுங்கள். "பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ்" 25 போட்டிருந்தால் ஹேண்ட்ஷேக் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். ஆகவே "லேட்டஸ்ட்-ஹேண்ட்ஷேக்ஸ்" காட்டும் நேரம் 180 விநாடிக்கு மேல் பழையது, அல்லது 0 என்றால், டனல் இல்லை என்று துணிந்து சொல்லலாம். வயர்கார்டுக்கு உண்மையான நிலை சொல்லும் ஒரே அளவுகோல் இதுதான்.

"சேவ்கான்ஃபிக்" வரியை உண்மை என்று வைத்திருந்தால், இன்டர்ஃபேஸ் ஏறியிருக்கும்போது கோப்பைத் திருத்தி ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள். இறங்கும்போது பழைய நிலையைக் கோப்பின்மேல் எழுதிவிடும். உங்கள் திருத்தம் காணாமல் போகும். "டிஎன்எஸ்" வரி இருந்தும் ரிசால்வ்கான்ஃப் கட்டளை பெட்டியில் இல்லையென்றால், ஏறிய இன்டர்ஃபேஸை அழித்துவிட்டுத் தோற்கும்.

சிஸ்டம்டி-நெட்வொர்க்டி ஏற்கெனவே நெட்வொர்க்கைக் கவனிக்கும் சர்வரில், டபிள்யூஜி-குவிக்கை விட்டுவிட்டு ".நெட்டெவ்", ".நெட்வொர்க்" கோப்புகளில் வயர்கார்டை எழுதுவதை நாங்கள் விரும்புகிறோம். பெயர்த் தேடல் தோற்றால் அதுவே இடைவெளி விட்டு மறுபடி முயலும், இன்டர்ஃபேஸ் அதற்காக நிற்காது. விலை என்னவென்றால், "அலவ்ட்ஐபிஸ்" எழுதினால் மட்டும் ரூட் வராது, தனியாகச் சொல்ல வேண்டும். சாவி இருக்கும் கோப்பை ரூட் பயனர், சிஸ்டம்டி-நெட்வொர்க் குழு இரண்டும் படிக்கும்படி 640 வைக்க வேண்டும்.

கடிகாரம்

ராஸ்ப்பெரி பை போன்ற, பேட்டரியோடு ஓடும் கடிகாரம் இல்லாத பலகைகளில் விபிஎன் வைத்தால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. பூட்டில் நேரம் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடங்கும். நேரம் பின்தங்கியிருந்தால், அண்மையில் வழங்கிய சான்றிதழை "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று ஓபன்விபிஎன் தள்ளும். வயர்கார்டோ ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் நேரமுத்திரை அனுப்புகிறது; முன்பு கண்டதைவிடப் பழைய முத்திரை வந்தால் மறுமுனை சொல்லாமல் கொள்ளாமல் வீசிவிடும். லாகில் எதுவும் இருக்காது. எல்லா போக்குவரத்தையும் டனல் வழியே அனுப்பும் அமைப்பில் என்டிபியும் (நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் சேவை) அதற்குள் மாட்டிக்கொள்ளும்: நேரம் சரியாக டனல் வேண்டும், டனல் ஏற நேரம் சரியாக வேண்டும். என்டிபி சர்வருக்கு டனலுக்கு வெளியே ரூட் கொடுங்கள். "சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சின்க்" யூனிட்டை இயக்கி, விபிஎன் யூனிட்டின் மேலொட்டில் "ஆஃப்டர்", "வான்ட்ஸ்" இரண்டிலும் "டைம்-சின்க்.டார்கெட்" சேருங்கள்.

எதை எடுப்பது

டெபியன், உபுண்டு, ஃபெடோரா பெட்டியில் ஓபன்விபிஎன் என்றால் வார்ப்பு யூனிட்டும் மூன்று வரி மேலொட்டும். வேறெதையும் எழுத வேண்டாம். வயர்கார்டு என்றால் நெட்வொர்க்டி, அல்லது டபிள்யூஜி-குவிக்கோடு ஹேண்ட்ஷேக்கைப் பார்க்கும் டைமர். ஆல்பைனில் சூப்பர்வைஸ்-டீமன். சிஸ்டம்டி இல்லாத பழைய சர்வரை மாற்ற வழியில்லையென்றால் மேலே சொன்ன கவனத்தோடு இனிட் ஸ்கிரிப்ட் எழுதி, நிமிடத்துக்கு ஒருமுறை மறுமுனைக்கு பிங் போட்டு, தொடர்ந்து மூன்று முறை தோற்றால் ரீஸ்டார்ட் கொடுக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைக் கிரானில் வையுங்கள். கிரானுக்கு இங்கே உள்ள நியாயமான இடம் அதுதான்.

தொலைவில் உள்ள பெட்டியில் முயலும்போது ஒரு முன்னேற்பாடு கட்டாயம். எல்லா போக்குவரத்தும் டனலுக்குள் போகும் அமைப்பு என்றால், ஏறிய கணத்தில் தொலைவிலிருந்து நீங்கள் நுழைந்திருக்கும் எஸ்எஸ்எச் இணைப்பின் பதில்களும் டனலுக்குள் போய், நீங்கள் வெளியே பூட்டப்படுவீர்கள். கிளப்பும் முன், "சிஸ்டம்டி-ரன்" கட்டளைக்கு "ஆன்-ஆக்டிவ்=5மின்" கொடுத்து, ஐந்து நிமிடத்தில் அந்த யூனிட்டை நிறுத்தும் வேலையை வரிசையில் போட்டுவிடுங்கள். பிறகு "ஸ்டார்ட்" மட்டும் கொடுங்கள், "எனேபிள்" (பூட்டில் தானாகக் கிளம்பச் செய்வது) வேண்டாம். இணைப்பு தங்கினால் அந்த டைமரை ரத்துசெய்து, அதன்பின் எனேபிள். ஓபன்விபிஎன்னில் எல்லாவற்றையும் திருப்ப வேண்டியதில்லை என்றால் "புல்-ஃபில்டர் இக்னோர்" வரியில் "ரீடைரக்ட்-கேட்வே" என்று எழுதிச் சர்வரின் திணிப்பைத் தடுத்துவிடலாம்.

கடைசியாக, பெட்டி பக்கத்தில் இருக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். மோடத்தின் ஃபைபர் கம்பியைப் பிடுங்கிவிட்டு லினக்ஸ் பெட்டியை ரீபூட் செய்யுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். ஐந்து போதாது, மறுமுயற்சி இடைவெளி உச்சத்தைத் தொட வேண்டும். பிறகு கம்பியைச் செருகி, எதையும் தொடாமல் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் மறுமுனையின் டனல் முகவரிக்கு பிங் போக வேண்டும். போனால், அடுத்து விபிஎன் புராசஸை "கில் -9" கொடுத்துக் கொன்று அதே சோதனை. வயர்கார்டு என்றால் கொல்ல எதுவும் இல்லை, அதற்குப் பதில் தலைமை சர்வரின் டிஎன்எஸ் பதிவை மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் தானாக எழுந்தால் பெட்டியைக் கிளைக்கு அனுப்பலாம்.